சிங்கப்பூரில் போர்ட் ஒயின்: கெடாத பாட்டிலை நியாயமான விலைக்கு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

போர்ட் பாட்டிலைக் கையில் எடுத்ததும் லேபிளைப் படிக்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். தக்கையும் கண்ணாடியும் சேரும் இடத்தில் காய்ந்த பாகு மாதிரி ஒரு கருஞ்சிவப்பு வளையம் ஒட்டியிருக்கிறதா? விரல் வைத்தால் பிசுக்கென்று பிடிக்கிறதா? அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஒயின் எங்கோ சூடேறி, விரிந்து, தக்கையைத் தாண்டிக் கசிந்திருக்கிறது. அது வெளியே வந்த வழியாகக் காற்று உள்ளே போயிருக்கும். தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஒயினை நெடுநாள் வைத்திருக்க ஏற்றதோ 12 முதல் 15 டிகிரி. அதனால் இங்கே ஒரு கடை நல்ல கடையா என்பதை அதன் விளக்கலங்காரம் சொல்லாது. கதவைச் சாத்திய பிறகு உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதுதான் சொல்லும். ஆனால் எல்லா போர்ட்டுக்கும் குளிரூட்டிய கிடங்கு தேவையில்லை. சில வகைகளைப் பக்கத்துப் பேரங்காடியிலேயே தைரியமாக வாங்கலாம். சிலவற்றை அங்கே தொடவே கூடாது. எந்த வகைக்கு எந்தக் கடை போதும் என்று பிடிபட்டுவிட்டால் காசும் மிஞ்சும், ஒயினும் தப்பிக்கும்.

படி 1: எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77% சாராயம் கொண்ட திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை பாதியில் தங்கிவிடுவதால் இனிப்பு. ஸ்பிரிட் சேர்ந்ததால் சாராய அளவு பெரும்பாலும் 19 முதல் 22%. இந்த இரண்டும் சேர்ந்துதான் சாதாரண ஒயினைவிடப் போர்ட்டுக்குச் சூட்டைத் தாங்கும் வலு கொடுக்கின்றன. ஆனால் அந்த வலு வகைக்கு வகை மாறும்.

ரூபி, ரிசர்வ் இரண்டும் இளம் ஒயின்கள், வடிகட்டியவை, வாங்கிய கையோடு குடிப்பதற்காகவே செய்தவை. ஃபொன்செக்கா பின் 27, கிரஹாம்ஸ் சிக்ஸ் கிரேப்ஸ் எல்லாம் இந்த வரிசை. சரக்கு வேகமாக நகரும் கடையாக இருந்தால் போதும், வேறு கவலை வேண்டாம்.

டானி மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் காற்றோடு பழகி வந்த ஒயின். நிறம் வெளிறி, முந்திரி, அத்திப்பழம், காய்ச்சிய வெல்லம் போன்ற மணம் வரும். காற்றால் இழக்க வேண்டியதை ஏற்கெனவே இழந்து பக்குவப்பட்டதால் வகைகளிலேயே சிங்கப்பூர்ச் சூட்டை அதிகம் தாங்குவது இதுதான். லேபிளில் 10, 20, 30, 40, 50 ஆண்டு என்று இருக்கும். அறுவடை ஆண்டு அச்சிட்ட டானிக்குக் கொல்ஹெய்ட்டா என்று பெயர். அது குறைந்தது 7 ஆண்டு மரத்தில் இருந்திருக்க வேண்டும். இவை பாட்டிலுக்குள் மேலும் மெருகேறுவதில்லை. ஆகவே பின் லேபிளில் பாட்டிலில் அடைத்த ஆண்டு எது என்று தேடுங்கள். 2 ஆண்டுக்குள் அடைத்தது என்றால் எடுங்கள். அடைத்து 6, 7 ஆண்டு ஆகி இங்கேயே அலமாரியில் கிடந்தது என்றால், '20 ஆண்டு' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் விடுங்கள்.

எல்பிவி எனப்படும் லேட் பாட்டில்டு விண்டேஜ், ஒரே ஆண்டு அறுவடை. 4 முதல் 6 ஆண்டு மரத்தில் இருந்துவிட்டு அடைக்கப்படுவது. இதில் இரண்டு பிரிவு உண்டு. கையால் திருகி எடுக்கும் பிளாஸ்டிக் தலை வைத்த தக்கை என்றால் பெரும்பாலும் வடிகட்டியது, டெய்லர்ஸ் எல்பிவி போல. அதை ரூபியைப் போலவே நடத்தலாம். முழுத் தக்கையை அடித்து இறக்கி, திருகாணி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் வடிகட்டாதது, வார்ஸின் பாட்டிலில் முதிர்ந்த எல்பிவி போல. இதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும்.

விண்டேஜ் போர்ட் அறுவடைக்குப் பிறகு 2, 3 ஆண்டுகளில் வடிகட்டாமல் அடைக்கப்பட்டு, பாட்டிலுக்குள் 15, 20, 30 ஆண்டு முதிர்வது. அறுவடை மிகச் சிறப்பாக அமைந்த ஆண்டுக்கு மட்டும் நிறுவனங்கள் விண்டேஜ் அறிவிக்கும்; 2011, 2016, 2017 ஆகியவை பெரும்பாலான நிறுவனங்கள் அப்படி அறிவித்த ஆண்டுகள். சூட்டில் கிடந்தால் இதுதான் முதலில் கெடும். லேபிளில் 'விண்டேஜ்' என்ற சொல் பெரிதாகவும் 'லேட் பாட்டில்டு' சிறிதாகவும் இருக்கும் பாட்டில்கள் உண்டு. விலையைப் பார்த்து ஆச்சரியப்படும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

வீட்டில் ஒயின் சில்லர் (ஒயினுக்கென்றே உள்ள குளிர்ப்பெட்டி) இல்லாதவர், சாப்பாட்டுக்குப் பிறகு அரைக் கிளாஸ் மட்டும் எடுப்பவர் என்றால் 10 ஆண்டு டானியில் ஆரம்பிக்கச் சொல்வோம். ஒரு துண்டு மைசூர்பாகோடு வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆஸ்திரேலியாவில் முன்பு போர்ட் என்று விற்றதை, 2010-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒயின் ஒப்பந்தத்துக்குப் பிறகு வெறும் 'டானி' என்றுதான் எழுதுகிறார்கள். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் 'கிளப்' அப்படி ஒன்று. நல்ல ஒயின்தான், ஆனால் டோரோ போர்ட் வேறு. கோவாவில் 'போர்ட்' என்று கிடைக்கும் மலிவான இனிப்பு ஒயின் முற்றிலும் வேறு. உண்மையான போர்ட்டின் கழுத்திலோ தலையிலோ போர்ச்சுகலின் டோரோ, போர்ட் ஒயின் கழகமான ஐவிடிபியின் எண்ணிட்ட உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருக்கும்.

படி 2: வரிக் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்

சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை விலையைப் பொறுத்தது இல்லை, சாராய அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் சுத்தச் சாராயத்துக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 750 மி.லி. பாட்டில், 20% சாராயம் என்றால் உள்ளே 0.15 லிட்டர் சாராயம் இருக்கிறது. 0.15-ஐ 88-ஆல் பெருக்கினால் 13 வெள்ளி 20 காசு. அதன்மேல் 9% பொருள் சேவை வரி சேர்ந்து ஏறத்தாழ 14 வெள்ளி 40 காசு. மலிவான ரூபிக்கும் இதே தொகை, 40 ஆண்டு டானிக்கும் இதே தொகை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். பாட்டில் 40 வெள்ளி என்று வையுங்கள். பொருள் சேவை வரியைக் கழித்தால் 36.70, தீர்வையைக் கழித்தால் 23.50. இந்த 23.50-க்குள்தான் ஒயின், கப்பல் கூலி, இறக்குமதியாளர் லாபம், கடை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். பாட்டில் 80 வெள்ளி என்றால் அதே கழித்தலுக்குப் பிறகு மிஞ்சுவது 60.19. நீங்கள் கொடுத்தது இரண்டு மடங்கு, வரி போக மிஞ்சியதோ இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால் இங்கே போர்ட்டில் ஆகக் குறைந்த விலைப் பாட்டில் ஆகச் சிக்கனமானது என்று சொல்ல முடியாது. ரூபிக்கும் எல்பிவிக்கும் 10, 15 வெள்ளிதான் வித்தியாசம் என்றால் எல்பிவியை எடுங்கள்.

அளவையும் கவனியுங்கள். டானிகள் சில 500 மி.லி. பாட்டிலில் வரும். 500 மி.லி. 45 வெள்ளி என்றால் 100 மி.லி.க்கு 9 வெள்ளி. 750 மி.லி. 60 வெள்ளி என்றால் 8 வெள்ளி. கண்ணுக்கு மலிவாகத் தெரிவது முதல் பாட்டில், கணக்கில் மலிவு இரண்டாவது. இணையக் கடையில் பார்க்கும்போது விலையில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா, விநியோகக் கட்டணம் எத்தனை வெள்ளிக்கு மேல் வாங்கினால் இல்லை என்பதையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 3: எங்கே எதைத் தேடுவது

ஃபேர்பிரைஸ் ஃபைனஸ்ட், கோல்ட் ஸ்டோரேஜ் போன்ற பேரங்காடிகளில் ரூபி, ரிசர்வ், வடிகட்டிய எல்பிவி, 10 ஆண்டு டானி வரை தேடலாம். ஆட்கள் அதிகம் வந்துபோகும் கிளைக்குப் போங்கள். போர்ட் இங்கே பீர் மாதிரி ஓடும் சரக்கு இல்லை. சின்னக் கிளையில் ஒரே பாட்டில் மாதக்கணக்கில் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். சிராங்கூன் ரோடு பக்கம் போகிறவர்கள் முஸ்தபா பேரங்காடியின் மதுப்பிரிவையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம்.

வைன் கனெக்‌ஷன், 1855 தி பாட்டில் ஷாப், செல்லார்பிரேஷன் போன்ற மதுக்கடைகள் அடுத்த படி. இவற்றின் நன்மை, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பது. 20 ஆண்டு டானி, கொல்ஹெய்ட்டா எல்லாம் இந்த மட்டத்திலிருந்துதான் தேட வேண்டும்.

மூன்றாவது இடம்தான் பலருக்குத் தெரியாதது: இறக்குமதியாளரே. சிங்கப்பூரில் விற்கும் பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ளூர் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். பிடித்த போர்ட்டின் பின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தைத் தேடுங்கள். பலர் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் குளிரூட்டிய கிடங்கு வைத்திருப்பார்கள். அவர்களில் சிலர் பொதுமக்களுக்கும் விற்பார்கள், 6 அல்லது 12 பாட்டில் எடுத்தால் விலை குறைப்பார்கள். கடை வாடகை இல்லை, ஒயின் குளிரிலிருந்து நேராக வருகிறது. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் நல்ல போர்ட்டுக்கு இந்த ஊரில் ஆகச் சிக்கனமான வழி.

விண்டேஜ் போர்ட்டை, அதுவும் 10 ஆண்டுக்கு மேல் பழையதை, எங்கிருந்து வந்தது என்ற பதிவைக் காட்டக்கூடியவரிடம் மட்டும் வாங்குங்கள். பெர்ரி பிரதர்ஸ் அண்ட் ரட் போன்ற பழைய ஒயின் வணிகர்கள் தீர்வை செலுத்தாத நிலையில் பாண்டட் கிடங்கில் வைத்திருக்கும் ஒயினை விற்பார்கள். அந்த விலையில் தீர்வையும் பொருள் சேவை வரியும் இருக்காது. கிடங்கிலிருந்து வெளியே எடுக்கும் அன்று இரண்டையும் கட்ட வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்து மலிவு என்று மகிழும் முன் 14 வெள்ளிச் சொச்சத்தையும் ஒயின் விலைக்கு உரிய 9 சதவீதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டேஜ் விலை கையைக் கடித்தால் ஒற்றைத் தோட்ட விண்டேஜைக் கேளுங்கள். கிரஹாம்ஸின் மல்வெடோஸ், டெய்லர்ஸின் வர்ஜெலாஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. செய்முறை அதேதான், விலை குறைவு, சீக்கிரமே குடிக்கத் தயாராகும்.

தனியாட்கள் இணையத்தில் விற்கும் 'தாத்தா வைத்திருந்த' பாட்டில் வேண்டாம். உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே குற்றம். அதைவிட முக்கியம், அந்த பாட்டில் எத்தனை ஆண்டு வீட்டு அலமாரியில் 30 டிகிரியில் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

படி 4: கடையைச் சோதியுங்கள், காலையில்

கடை திறந்த அரை மணி நேரத்துக்குள் போங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்சாதனத்தைப் போட்டால் அறைக் காற்று 15 நிமிடத்தில் குளிர்ந்துவிடும், பாட்டிலுக்குள் இருக்கும் ஒயின் குளிர மணிக்கணக்கில் ஆகும். காற்று சில்லென்று இருக்கும்போது கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தால், இரவெல்லாம் குளிர்சாதனம் அணைந்திருந்தது என்று அர்த்தம். உள்மணிக்கட்டில் பாட்டிலைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். 18 டிகிரி பாட்டில் தெளிவாகக் குளிரும், 27 டிகிரி பாட்டில் குளிர்ந்ததுபோலவே இருக்காது. மாலை 6 மணிக்குப் போனால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். தினமும் இப்படி ஏறி இறங்கும் சூடுதான் தக்கையை உந்தி உந்தித் தளர்த்துகிறது.

பிறகு பாட்டில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடி முகப்புக்குப் பின்னால் வெயில் படுகிறதா, விளக்குக்கு ஒட்டி மேல்தட்டில் இருக்கிறதா, பானக் குளிர்ப்பெட்டியின் சூடான பின்பக்கம் பக்கத்தில் இருக்கிறதா? முழுத் தக்கை போட்ட விண்டேஜ் நின்ற நிலையில் இருக்கிறதா? மாதக்கணக்கில் நின்றால் தக்கை காயும். திருகுதலைத் தக்கை போட்ட டானியும் ரூபியும் நிற்பதில் தவறில்லை, அவை நிற்கத்தான் வேண்டும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி போதும். இரவில் குளிர்சாதனம் ஓடுகிறதா? இந்தப் பாட்டில் எந்த ஆண்டு வந்த சரக்கு? தக்கை கெட்டிருந்தால் மாற்றித் தருவீர்களா? நேராகப் பதில் சொல்பவரிடம் திரும்பப் போகலாம். கேள்விக்குப் பதிலாக வேறு பாட்டிலின் தள்ளுபடியைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். "உள்ளே புதுப் பெட்டி இருக்கிறது, எடுத்து வரட்டுமா" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். பல கடைகளில் முன்பக்கம்தான் குளிரூட்டியிருக்கும், பின்கட்டு வெந்துகொண்டிருக்கும். பின்கட்டும் குளிரூட்டியதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டிலைச் சோதிக்கும் வரிசை இது. முதலில் கழுத்துப் பிசுக்கு. அடுத்து தக்கை: கழுத்து உறையின் மேல்பரப்பைக் கட்டைவிரலால் தடவினால் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்க வேண்டும், மேலே புடைத்திருந்தால் சூடு தள்ளியிருக்கிறது. உறையை மெல்லத் திருகிப் பாருங்கள். சுழன்றால் நல்லது, ஒட்டிக்கொண்டிருந்தால் கசிவுப் பாகு பிடித்திருக்கலாம். கடைசியாகக் கைப்பேசி விளக்கைக் கழுத்துக்குப் பின்னால் காட்டி ஒயின் மட்டத்தைப் பாருங்கள். இளம் பாட்டிலில் மட்டம் கழுத்துக்குள் இருக்க வேண்டும். தோள் வரை இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். பழைய விண்டேஜ் பாட்டிலின் உடம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று தெரிந்தால் அது அழுக்கு இல்லை. படுக்க வைத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான பழைய அடையாளம் அது. வீட்டிலும் அந்தப் பக்கத்தை மேலே வைத்தே படுக்க வையுங்கள், வண்டல் கலையாது.

படி 5: முதலில் ஒன்று, பிறகுதான் பெட்டி

புதுக் கடையில் ஒரே ஒரு பாட்டில் வாங்கி அந்த வாரமே திறங்கள். ரூபியும் எல்பிவியும் புதுப் பழ மணத்தோடு, ஓரத்தில் ஊதாச் சாயலோடு இருக்க வேண்டும். கிளாஸின் ஓரம் செங்கல் நிறமாக மாறி, வேகவைத்த உலர்திராட்சை வாசம் மட்டும் வந்து, நடுநாக்கில் சப்பென்று இருந்தால் சூடு பட்ட ஒயின். டானியில் முந்திரி மணம் போய் ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது தக்கைக் கோளாறு, கடையின் சேமிப்பைக் குறை சொல்ல முடியாது. மாற்றிக் கேளுங்கள். முதல் பாட்டில் தேறினால், அதே கடையில், அதே சரக்கிலிருந்து மீதியை வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னால் காலை நேரத்தைக் கேளுங்கள். மதியம் 2 மணிக்கு வேனுக்குள் மூன்று மணி நேரம் சுற்றிய பாட்டிலுக்குக் கிடங்கின் குளிர் எந்த வகையிலும் உதவாது. வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள், மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில் மாலை வெயில் நேராக விழும். காரில் வாங்கி வந்தால் பின்பெட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

நேரத்தையும் நினைவில் வையுங்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை கடைகள் மது விற்கக் கூடாது. லிட்டில் இந்தியா, கேலாங் கட்டுப்பாட்டு வட்டாரங்களில் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் மாலை 7 மணியோடு விற்பனை நின்றுவிடும்.

பயணத்தில் வாங்குவது

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ திரும்பும்போது, 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த 18 வயது நிரம்பியவர் தம் சொந்த உபயோகத்துக்கு 2 லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். போர்ட் 20% இருந்தாலும் ஒயின் கணக்கில்தான் சேரும். இரண்டு முழு பாட்டிலும் ஒரு 500 மி.லி. பாட்டிலும் சரியாக 2 லிட்டர். ஸ்பிரிட்டோ பீரோ வாங்கினால் ஒயின் அளவு 1 லிட்டராகக் குறையும். மலேசியாவிலிருந்து வந்தால் இந்தச் சலுகை அறவே கிடையாது, ஜோகூரில் வாங்கினாலும் லங்காவியில் வாங்கினாலும் சரி.

சாங்கி விமான நிலையத்தின் வருகைப் பகுதியில் வாங்குவது நல்லது, பாட்டில் விமானச் சரக்கறையில் அலைய வேண்டாம். ஆனால் நகரத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். டூட்டி ஃப்ரீயில் 14 வெள்ளிக்குக் குறைவாகத்தான் மிஞ்சுகிறது என்றால் வரிச் சலுகை முழுதாக உங்களிடம் வந்து சேரவில்லை. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து அஞ்சலில் வரவழைத்தால் 400 வெள்ளிக்குள் இருக்கும் பொருள்களுக்கான வரி விலக்கு மதுவுக்குப் பொருந்தாது. தீர்வையும் வரியும் கட்டியே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பலர் ஒயினை வைப்பது பாம் ஷெல்ட்டர் எனப்படும் கான்கிரீட் காப்பறையில். இருட்டு சரிதான், ஆனால் கான்கிரீட் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றோட்டமும் குறைவு. ஓரிரு வாரத்துக்கு மேல் அங்கே வேண்டாம். சில்லர் இல்லையென்றால் டானி, ரூபி, வடிகட்டிய எல்பிவி மூன்றையும் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் நிற்க வைத்துவிடுங்கள். விண்டேஜ் வாங்கவே வேண்டும் என்றால், குடிக்கப்போகும் வாரத்தில் வாங்குங்கள், அதுவரை கடையின் குளிரிலேயே இருக்கட்டும்.

திறந்த பிறகு குளிர்ப்பெட்டியில் ரூபி 8 முதல் 10 நாள் தாங்கும், எல்பிவி 4, 5 நாள், வயது குறிக்காத டானி 3, 4 வாரம், 10, 20 ஆண்டு டானி ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். விண்டேஜ் இரண்டு நாளுக்குள் தீர வேண்டும். அதைத் திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, மெல்லிய துணி வழியாக ஜக்கில் ஊற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வரும் நொடியில் நிறுத்திவிடுங்கள்.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைக்கு எழுதியது. 29 டிகிரியில் ஊற்றினால் சாராயம்தான் மூக்கில் ஏறும். டானிக்கு 10 முதல் 14 டிகிரி, ரூபி, எல்பிவிக்கு 12 முதல் 16. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து 15 நிமிடம் மேசையில் வைத்தால் டானி சரியாக இருக்கும். ரூபிக்கு இன்னும் ஒரு 10 நிமிடம் கொடுங்கள்.